வீட்டு கட்டர் பம்ப் காயில் போகாம பாத்துக்கறது எப்படி

சென்னைல பழைய ரோட்ட சுரண்டாம மேல மேல போட்டதுல எங்க வீடு இப்ப ரெண்டடி பள்ளத்துல இருக்கு, டாய்லெட் தண்ணி தானா மெட்ரோவாட்டர் சாக்கடை லைனுக்கு ஏறாது, அதனால வாசல்ல ஒரு குழி, குழிக்குள்ள கட்டர் பம்ப், அதாவது கழிவை பிளேடுல அரைச்சு மேல தள்ற மோட்டார். நெறைய வீட்ல இதே கதைதான். மாட்டுனதோட மறந்துடறாங்க, பாத்ரூம்ல எதுக்களிச்சு வர்றப்பதான் ஞாபகம் வருது.

கட்டர்னு பேர் இருக்கறதால எல்லாத்தையும் அரைச்சுடும்னு நெனைக்காதீங்க. கழிவு, டாய்லெட் பேப்பர், அவ்ளோதான் அதோட வேலை. நாப்கின், டயப்பர், வெட் வைப்ஸ் எதுவும் போகக்கூடாது, கவர்ல ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருந்தாலும் சரி. இன்னொரு எமன் நீளமான நாரு: தலைமுடி, மாப் நூல், பாத்திரம் தேய்க்கற தேங்கா நாரு. இதெல்லாம் வெட்டுப்படாம பிளேடுல சுத்திக்கும். போன வருஷம் எங்க பம்ப் ம்ம்ம்னு உறுமிச்சே தவிர சுத்தல, தூக்கிப் பாத்தா முடியும் மாப் நூலும் சேந்து கட்டவிரல் தண்டிக்கு சடை பின்னின மாதிரி இறுகிக் கெடக்கு, கத்தி வச்சு அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆச்சு. இப்ப பாத்ரூம் ஓட்டைல சல்லடை, மாப் தண்ணிய வடிகட்டித்தான் ஊத்தறது.

அப்பளம் பொரிச்ச எண்ணெய சிங்க்ல ஊத்தறவங்களுக்கு தனியா சொல்லணும். பிசுக்கு குழில ஆடை கட்டி ஃப்ளோட்டை ஒட்ட வச்சிடும். தண்ணி ஏறினா ஃப்ளோட் மிதந்து மோட்டாரை போடும், எறங்கினா நிறுத்தும், அது மேலயே ஒட்டிக்கிச்சுன்னா மோட்டார் நிக்காம ஓடும், சுத்தி இருக்கற தண்ணிதான் அதுக்கு கூலிங், குழி காஞ்சதும் சூடேறி காயில், அதாவது மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற கம்பி, கருகிடும். மாசத்துக்கு ஒரு தடவ மூடிய தொறந்து மேலேர்ந்தே ஓஸ்ல ஃப்ளோட்டையும் சுவரையும் அடிச்சு கழுவுங்க, அந்த தண்ணிலயே பம்ப் ஆன் ஆகி நிக்குதான்னும் தெரிஞ்சுடும்.

குழிக்குள்ள நீங்களும் எறங்காதீங்க, வேற யாரையும் எறக்காதீங்க. அழுகின முட்டை நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா வாயு போயிடுச்சுன்னு நெனைக்கவே வேணாம், மூக்கு மரத்துப் போயிருக்கும், அதுதான் ஆள கொல்றது. பம்பை சங்கிலியாலதான் மேல தூக்கணும், கேபிளை புடிச்சு இழுத்தா கேபிள் நுழையற எடம் விட்டுப்போய் மோட்டார்ல தண்ணி எறங்கும். தூக்கறதுக்கு முன்னாடி போர்டுல எம்சிபி சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்கையும் புடுங்கிடுங்க, ஃப்ளோட் அசைஞ்சா மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சுடும். பிளேடை திருப்பிப் பாக்க விரல் வேணாம், ஸ்க்ரூடிரைவர் போதும்.

வருஷத்துக்கு ஒரு தடவ எலக்ட்ரீசியனை கூப்ட்டு ஆம்ப்ஸ், அதாவது மோட்டார் எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு, பாக்க சொல்லுங்க. பம்ப் மேல ஒட்டியிருக்கற தகட்டுல போட்டிருக்கறத விட அதிகமா இழுத்தா பெரும்பாலும் எதோ சிக்கியிருக்கு. பம்புக்குள்ள இருக்கற ஆயிலும் பாக்கணும், பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் போயி தண்ணி உள்ள வருதுன்னு அர்த்தம், அப்பவே மாத்திட்டா செலவு கம்மி. பம்ப் நின்ன ஒடனே போன தண்ணி திரும்ப குழிக்கே கொட்டற சத்தம் கேட்டா என்ஆர்வில (தண்ணி திரும்பி வராம தடுக்கற வால்வுல) குப்பை மாட்டியிருக்கு.

கரண்ட் போனா குழி நெரம்பற வரைக்கும்தான் டைம், குளியல், வாஷிங் மெஷின் எல்லாம் தள்ளிப் போடுங்க. ஊருக்கு போறதுக்கு முன்னாடி நாலு பக்கெட் நல்ல தண்ணி ஊத்தி ஒரு தடவ ஓட விட்டுட்டு போங்க, இல்லன்னா கழிவு அப்படியே காஞ்சு கெட்டியாயிடும்.

மொட்டை மாடி மழைத்தண்ணி பைப்பை இந்த குழில விட்டிருந்தா மொதல்ல அத மாத்துங்க. நவம்பர் மழைல ரோட்டு மேன்ஹோலே பொங்கிக்கிட்டு இருந்தா உங்க பம்ப் என்னதான் முக்குனாலும் தண்ணி போகாது, ஆஃப் பண்ணி வச்சுட்டு மெட்ரோவாட்டர் 1916க்கு போன் போடுங்க.