குடும்ப நோய்களை ஒரே தாளில் எழுதுவது எப்படி?

பாலக்கோட்டில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். “ஜீன் டெஸ்ட் எடுத்தா என்ன நோய் வரும்னு தெரிஞ்சிடுமாமே, இங்க எடுப்பீங்களா?” என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும், எல்லார் கதையும் தெரிந்த ஒரு அத்தையும் போதும்.

தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். நடுவில் நீங்களும் கூடப் பிறந்தவர்களும். அதற்கு மேலே அப்பா, அம்மா, அவர்களோடு பிறந்தவர்கள். அதற்கும் மேலே இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பக்கத்தில் என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். வயதுதான் முக்கியம். தாத்தாவுக்கு 75ல் மாரடைப்பு என்றால் பெரிய சேதி இல்லை; சித்தப்பாவுக்கு 42ல் என்றால் சிவப்பு மை.

கேட்கும்போது “எப்படி இறந்தார்?” என்று கேட்காதீர்கள். “நெஞ்சு வலிச்சுது, போயிட்டாரு” என்பதோடு முடிந்துவிடும். கால்விரல் எடுத்தார்களா, கடைசியில் கண் தெரிந்ததா, ராத்திரி எத்தனை முறை எழுந்து போவார் என்று கேளுங்கள். சுகர் என்ற பேரே தெரியாமல் சுகரில் போனவர்கள் பாட்டன் தலைமுறையில் நிறைய. கருமாதிக் கூட்டம் இதற்கு நல்ல இடம். அங்கே பேச்சே அதுதான்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவர்களையும் விடாதீர்கள். நம் தர்மபுரி மாவட்டத்தில் போர்வெல் தண்ணீரில் புளோரைடு என்ற உப்பு அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு அதைக் குடித்து வளர்ந்த வீடுகளில் அண்ணன் தம்பி எல்லாருக்கும் பல்லில் கறை, முதுகிலும் மூட்டிலும் இறுக்கம். “எங்க பரம்பரையே இப்படி” என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த மருமகளுக்கும் இருபது வருடத்தில் அதே மூட்டுவலி, ஆனால் பல் வெள்ளை என்றால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். பல்லின் எனாமல் சுமார் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்கப்புறம் குடிக்கிற புளோரைடு எலும்பில்தான் சேரும்.

சரி, ரத்த வழியாக வருவது? டி.என்.ஏ. என்பது நம் உடம்புக்குள் இருக்கும் நீளமான எழுத்து வரிசை மாதிரி. அதில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் இடங்கள் லட்சக்கணக்கில் உண்டு. சுகரோடு தொடர்புள்ளவை மட்டும் நூற்றுக்கணக்கில். அவற்றில் பலமானது டி.சி.எஃப்.7.எல்.2 என்ற ஜீனில் 2006ல் கண்டுபிடித்த மாற்றம். அதில் ஒரு பிரதி இருந்தால், பத்துப் பேருக்குச் சுகர் வரும் இடத்தில் பதிமூன்று பதினாலு பேருக்கு வரும். பலசாலிக்கே இவ்வளவுதான். மற்றதெல்லாம் மொய் மாதிரி, நூறு இருநூறாகச் சேர்ந்து தொகையாவது. அதனால் ஒரு ஜீனைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது.

தக்காளி மண்டியில் கூடை தூக்கிய அப்பாவுக்கு அறுபதில் சுகர், ஓசூரில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகனுக்கு 34லேயே. இப்படி ரிப்போர்ட் என் மேஜையில் அடிக்கடி வருகிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் போட்டுப் பாருங்கள். நூற்றில் பெற்றோர் இருவருக்கும் சுகர் இருந்தால் 20, ஒருவருக்கென்றால் 10. வயதுக்கு 30 வரை, இடுப்புச் சுற்றளவுக்கு 20 வரை, உடலுழைப்பே இல்லையென்றால் 30. மொத்தம் 60ஐத் தொட்டால் உடனே சுகர் பாருங்கள். லேபுக்கு வரவே வேண்டாம். நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். (என் வியாபாரத்துக்கு இது நல்லதல்ல, பரவாயில்லை.)

இதயத்துக்கு இன்னொரு கணக்கு. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற ஜீனில் 25 எழுத்து குறைந்த ஒரு வடிவம் தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இருப்பதை 2009ல் எழுதினார்கள். நடுவயதுக்கு மேல் இதயத்தசை பலவீனமாகும் அபாயத்தை அது கூட்டுகிறது. தாளில் ஐம்பதுக்குள் திடீர்ச் சாவு இரண்டு இருந்தால் டாக்டரிடம் காட்டி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கலாமா என்று கேளுங்கள்.

கடைசியாக, அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் அந்த இருவருக்கும் நடுவில் இரட்டைக்கோடு. ஒரே பாட்டியிடமிருந்து வந்த, வெளியே தெரியாத குறை இரண்டு பக்கமும் இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா என்ற ரத்த நோய் அப்படித்தான். பழைய சி.பி.சி. (ரத்த அணுக்களின் கணக்கு) ரிப்போர்ட்டை எடுத்து, சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. எண்ணைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். 66ஐ 5.5ஆல் வகுத்தால் 12. விடை 13க்குக் கீழே, இரும்பு மாத்திரைக்கும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை கேளுங்கள். கணவன் மனைவி இருவரும் இதைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நாள் தள்ளிப்போனதுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கருவைச் சோதிப்பதைப் பத்தாவது வாரத்திலிருந்தே தொடங்கலாம்.