கோழிக் கொட்டகையில் நாற்றமா? முதலில் தீவனத்தைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஐப்பசி அடைமழை வந்தாலே எச்ச நாற்றம்தான் கவலை. பக்கத்து வீட்டு ஆச்சி ஜன்னலைச் சாத்தத் தொடங்கிவிடுவார். கூளத்தில் எதையாவது தெளிக்கும் முன் தீவனத்தைக் கவனியுங்கள்.

உடம்புக்குப் போக மிஞ்சிய புரதத்தின் நைட்ரஜன் யூரிக் அமிலமாக எச்சத்தில் வெளியேறுகிறது. ஈரம் பட்டதும் நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. கண் எரிவது அதனால்தான். அளவுக்கு மேல் கடலைப் பிண்ணாக்கு போட்டால் வளர்ச்சி கூடாது, நாற்றம்தான் கூடும். புரதத்தைச் சற்றுக் குறைத்து லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களை (புரதத்தின் கட்டுமானப் பொருள்கள்) சேர்த்து ஈடுகட்டலாம். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவனத்தில் யூக்கா என்ற பாலைவனச் செடியின் பொடியைச் சேர்த்தாலும் நல்ல பலன் தரும். பெரும்பாலும் ஒரு டன் தீவனத்துக்கு 100 முதல் 125 கிராம் வரை. பாக்கெட்டில் உள்ள அளவையும் பாருங்கள். 100 கிலோவுக்கு 10 கிராம் என்றால் ஒரு கைப்பிடிகூட வராது. அதனால் முதலில் ஒரு கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, அப்புறம் மொத்தத் தீவனத்தில் சேருங்கள். பாசில்லஸ் வகை புரோபயாடிக்கும் (நன்மை செய்யும் நுண்ணுயிரிகள்) உதவும்.

பலர் கவனிக்காதது கருவாட்டுத் தூள். அதில் உப்பு அதிகம் இருந்தால் கோழி நிறையத் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீர்த்துப்போகும், கூளம் நனையும்.

கூளத்தை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். அன்றைக்கே கிளறிவிட்டு, ஒழுகும் தண்ணீர்க் குவளையைச் சரிசெய்யுங்கள்.