முதல் ஓட்டு: வேலூர்ப் பக்கத்து இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவியிடம் "உங்க எம்.பி. யாரு?" என்று கேட்டால், பெரும்பாலும் வேலூர் எம்.பி.யின் பெயரைத்தான் சொல்வார். மாவட்டம் வேலூர், மாநகராட்சியும் வேலூர், அப்படியானால் எம்.பி.யும் வேலூர்தானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் காட்பாடி சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தேர்தலில் அரக்கோணத்தோடு சேர்கிறது. பாலாற்றுக்குத் தெற்கே வேலூர் நகரத்தில் இருக்கும் அவருடைய தோழி ஒரு எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பார், பாலம் தாண்டி வடக்கே இருக்கும் இவர் வேறொருவரைத் தேர்ந்தெடுப்பார்.

இந்தப் பகுதியில் முதல் முறை ஓட்டுப் போடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, தன் தொகுதி எது என்று தெரியாமலேயே அரசியல் பேசத் தொடங்குவதுதான். நம் ஊரில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது. மீதி இருந்த வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. தொகுதி எல்லையோ 2008-இல் வந்த மறுசீரமைப்பின்படி இருக்கிறது. அதனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்கு வேலூர் தொகுதி. திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் மக்களவைக்குத் திருவண்ணாமலை. உங்கள் வாக்காளர் அட்டையில் சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் பெயரும் இருக்கும். காட்பாடி 40, வேலூர் 43, அணைக்கட்டு 44, குடியாத்தம் 46. முதலில் அதைப் பாருங்கள்.

தொகுதி தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெரியும். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் வார்டு கவுன்சிலரிடம் போக வேண்டும். அவரைத் தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். அப்துல்லாபுரம் விமான நிலையத்திலிருந்து விமானம் எப்போது பறக்கும் என்று எம்.எல்.ஏ. வேட்பாளரை மடக்குவதில் பெரிய பயன் இல்லை. விமானப் போக்குவரத்து ஒன்றிய அரசின் துறை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதைக் கண்காணிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. இது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. இன்றும் அது தேர்தல் பிரச்சினையாகவே இருக்கிறது என்றால், எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். ஆந்திரா பாலாற்றில் கட்டும் தடுப்பணைகள் வேறு மாதிரி: இரண்டு மாநிலங்களும் ஒன்றிய அரசும் சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கு எம்.பி.யையும் கேட்க வேண்டும், மாநில அரசையும் கேட்க வேண்டும். மேடையில் "பாலாற்றை மீட்போம்" என்று சொல்பவரிடம் எந்தப் பதவியின் அதிகாரத்தை வைத்து மீட்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

அடுத்தது, அட்டை கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுவது. ஓட்டுரிமையைத் தருவது வாக்காளர் பட்டியல். அட்டை உங்கள் அடையாளத்துக்கு மட்டும்தான். பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துபோனாலும் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் மாதிரி ஆணையம் ஏற்கும் ஆவணங்களில் ஒன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் திரும்பி வர வேண்டியதுதான். 2025 நவம்பரில் தொடங்கிய பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. "போன தடவை அண்ணன் பேர் இருந்துச்சே" என்பது இனி உத்தரவாதம் இல்லை. 1950 என்ற எண்ணில் கேட்கலாம், ஆணையத்தின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறியிருந்தாலோ பெயரில் பிழை இருந்தாலோ படிவம் 8. 18 வயது முடிந்ததா என்று கணக்கிட ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் வேட்பு மனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். விண்ணப்பம் அதற்குச் சில நாட்கள் முன்பே போயிருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து வேலூரில் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் சொந்த ஊரிலோ இங்கேயோ பதியலாம். இரண்டு இடத்திலும் பதிவது குற்றம்.

சின்னத்தைப் பார்த்தே கட்சியை முடிவு செய்வதும் நம் பக்கத்தில் சரிவராது. புதிய நீதிக் கட்சியின் தலைவர் ஏ.சி. சண்முகம் வேலூரில் 2014-இல் தாமரைச் சின்னத்திலும், 2019-இல் இரட்டை இலையிலும், 2024-இல் மீண்டும் தாமரையிலும் நின்றார். 2021-இல் கே.வி. குப்பத்தில் வென்றவர் புரட்சி பாரதம் கட்சியின் பூவை ஜெகன் மூர்த்தி. நின்றது இரட்டை இலையில். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, கூட்டணி அரசியல் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர் ஆகிறார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்சிகளுக்கு இடையே பகை நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு நண்பர்களோடு சண்டை போடுவதும் வேண்டாம். 1954-இல் முதலமைச்சர் காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது, காங்கிரஸை எதிர்த்து வந்த பெரியாரே அவரை ஆதரித்தார்.

வேட்பாளர் யார் என்று தெரிந்துகொள்ளச் சுவரொட்டியை நம்ப வேண்டியதில்லை. மனுவோடு அவர் தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், படிப்பு, நிலுவையில் உள்ள வழக்குகள் எல்லாம் இருக்கும். ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். "நம்ம ஆளு" என்று சாதியைச் சொல்லி வீட்டுப் பெரியவர்கள் பேச்சை முடிக்கப் பார்த்தால், அந்தப் பத்திரத்தை எடுத்து அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். மரியாதையாகவே செய்யலாம்.

"என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?" என்ற பேச்சு மற்ற ஊர்களில் எடுபடலாம். காட்பாடியில் 2021-இல் துரைமுருகன் வென்றது 746 ஓட்டு வித்தியாசத்தில். சென்னை தியாகராய நகரில் அதே தேர்தலில் வித்தியாசம் வெறும் 137. 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்த ஓட்டுகள் அதைவிட அதிகம்.

அந்த 2019 தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று 18 வயது ஆகிறவர்கள் அப்போது பள்ளிச் சிறுவர்கள். ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டிய வாக்குப்பதிவு இரண்டு நாள் முன்பு ரத்தானது. காரணம், பெருமளவில் பிடிபட்ட பணம். ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் அன்று நடந்தன. மக்களவை வாக்குப்பதிவு ஆகஸ்ட் 5-இல்தான் நடந்தது. ஜூலையில் ஒன்றிய பட்ஜெட் வந்தபோது நாடாளுமன்றத்தில் வேலூருக்காகப் பேச ஓர் உறுப்பினர் இல்லை. பணப் பட்டுவாடாவால் முதலில் நஷ்டப்பட்டது தொகுதி மக்கள்தான்.

"காசை வாங்கிக்க, ஓட்டை உன் இஷ்டத்துக்குப் போடு" என்று வீட்டிலேயே சொல்லுவார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. சட்டத்தை விடுங்கள். வாங்கியவரால் ஐந்தாண்டில் ஒரு நாளாவது "தண்ணி ஏன் வரல?" என்று நிமிர்ந்து கேட்க முடியுமா? பணம் கொடுப்பவர் வாங்கப் பார்ப்பது அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான். கொடுப்பதை நேரில் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். உங்கள் பெயரைச் சொல்லாமலும் புகார் தரலாம்.

வாட்ஸ்அப்பில் தேர்தலுக்குத் தேர்தல் திரும்பி வரும் பொய்கள் சில உண்டு. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம் என்பது பொய். 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு என்பதும் பொய். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் மறுதேர்தல் வராது. வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே வெல்வார். டெண்டர் ஓட்டு என்ற ஒன்று உண்மையில் இருக்கிறது. உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டால் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் உங்கள் அடையாளத்தை நிரூபித்தால், வாக்குச்சீட்டு கொடுத்து உங்கள் ஓட்டைத் தனியாக வாங்கி வைப்பார்.

பூத்துக்குள் செய்ய வேண்டியது குறைவு. பூத் சிலிப் மட்டும் அடையாளம் ஆகாது, ஆவணமும் வேண்டும். பட்டனை அழுத்தியதும் விவிபாட் என்ற ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டு தெரியும். அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதைப் போனில் படம் எடுக்கக் கூடாது. "யாருக்குப் போட்டேன்னு கண்டுபிடிச்சிடுவாங்களா?" என்ற பயம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. சீட்டில் உங்கள் பெயரோ எண்ணோ இல்லை. நீங்களாகச் சொல்லாதவரை யாருக்கும் தெரியாது.

அப்புறம், விரலில் மை வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதில் உறுப்பினர்தான், 18 வயதுக்காரரும். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். முதல் முறை பேசும்போது குரல் நடுங்கினால் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய்ப் படியுங்கள், அது தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.