மீனுக்கும் நெல்லுக்கும் ஒரே வழியா? சந்தையிலும் பஸ்ஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தையில் ஆட்கள் குறைந்தால் வியாபாரி விலையைக் குறைத்துப் பார்ப்பார். பஸ்ஸில் ஆட்கள் குறைந்தால் முதலாளி இருக்கைக்குப் புது உறை போடுவார். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இரண்டும் நடக்கிறது. நேரத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பெரிய தவறு, எல்லாச் சாமானையும் ஒரே மாதிரி அனுப்புவது. அம்பாறை நெல்லை ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து மூடை கட்டினால் மாதக்கணக்கில் கிடக்கும். லொறி நிறைய ஏற்றி, மூடைக்கான கூலியைக் குறைப்பதுதான் அங்கே புத்தி. ஒரு நாள் பிந்தினாலும் குடி முழுகாது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் இறங்கும் மீன் அப்படியா? லொறி நிரம்பட்டும் என்று காத்திருந்தால், கூலியில் மிச்சம் பிடித்ததை விலையில் விட வேண்டிவரும். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான கணக்கு. அதையும் மேலே தூவினால் போதாது. அடியிலும் இடையிலும் பரப்ப வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, சந்தை வாசலில் பெட்டியைத் திறந்து வெயிலில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசி இருபது யார் தூரத்தில் எல்லாம் வீணாகிறது.

மரக்கறியில் கதை வேறு. தம்புள்ளையிலிருந்து வரும் தக்காளியைச் சாக்கில் அடைத்து, அதன் மேல் இன்னொரு சாக்கையும் அடுக்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். 2011இல் அரசு பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பழக்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. கூடைக்கு இடம் அதிகம் வேண்டும். வெறுங்கூடை திரும்பிப் போகவும் வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசாத எந்தத் திட்டமும் சந்தையில் நிற்காது.

பெருநாள், புத்தாண்டுக் காலத்தில் இன்னொன்று நடக்கும். கடைக்காரர் தேவையான அளவைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், மொத்த வியாபாரி அதற்கு மேல் கூட்டுவார், பிறகு சாமான் தேங்கும். போன வருடம் உண்மையில் விற்ற கணக்கைப் பார்த்து ஓடர் கொடுத்தால் பாதித் தலையிடி குறையும்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். சேவைத் தரத்தை அளக்க, சந்தைப்படுத்தல் ஆய்வாளரான பரசுராமனும் அவருடைய இரு சகாக்களும் 1988இல் ஐந்து அம்சங்களை வகுத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் வசதிகள் அவற்றில் ஒன்றுதான்; சொன்னதைச் சொன்னபடி செய்வது இன்னொன்று. இங்கே பாட்டுப்பெட்டிக்கும் சோடனைக்கும் செலவாகும் காசைப் பார்த்தால் முதலாவது மட்டும்தான் சேவை என்று தோன்றும்.

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் இரண்டு பஸ் போட்டி போட்டுப் பறப்பது புதினமில்லை. மணிக்கு நான்கு பஸ், பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் பயணி சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பார். அதே நான்கும் இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால் காத்திருப்பு பதினைந்து நிமிடம். அதே பஸ், அதே டீசல். முன்னால் போகிறவர் ஆட்களை அள்ள, பின்னால் வருகிறவர் வெறும் சீட்டோடு ஓடுவார். இதற்குப் புது பஸ் வாங்குவது மருந்தில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பாலம் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறுதான். 2014இல் வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் திறந்தது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் கத்தரிக்காய் மூடையோடு நிற்கும் பெண்ணுக்குப் பாலத்தைவிட முதல் பஸ் முக்கியம். சில்லறைக்காரர்கள் வாங்கி முடித்த பிறகு அவர் சந்தைக்கு வந்து சேர்ந்தால், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே நேர அட்டவணையைச் சந்தை கூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். அதற்கு பஸ் இரவில் கிராமத்திலேயே தரித்து நிற்க வேண்டும். சாரதியும் நடத்துனரும் அங்கே எங்கே படுப்பது என்பதைத்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.