பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றுவது: முதன்முறை செய்பவர்களுக்கு

மஹிந்திராவின் பழைய சி.ஜே.3பி பெட்ரோல் ஜீப்பை டீசலுக்கு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மைலேஜுக்காகத்தான் மாற்றுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் மலையில் ஊரும் வேகம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆக்சிலரேட்டரைத் தொடாமலே முதல் கியரில் கல்மேல் கல்லாக ஏறும். டீசல் பம்பில் இருக்கும் கவர்னர், சுற்று குறைந்த உடனே தானாகக் கூடுதல் டீசல் விடுவதால் வரும் குணம் அது. கார்புரேட்டர் வண்டியில் அது கிடையாது.

என் ஜீப்பில் மாற்றி முடித்த வரிசையிலேயே எழுதுகிறேன். பழைய இன்ஜினைக் கழற்றி இறக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆர்.டி.ஓ.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற அனுமதி வேண்டும். இன்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். எரிபொருளே மாறுவதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்ஜின் வாங்கும்போதே நம்பரோடு பில்லும், அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம்.

எந்த இன்ஜின்?

என் தேர்வு பீஜோ எக்ஸ்.டி.பி. 4.90. நான்கு சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), பெயரிலேயே இருக்கிறது. 2,112 சி.சி., 62 குதிரைசக்தி. ஜீப்பில் இருந்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் 2,199 சி.சி., சுமார் 75 குதிரைசக்தி. எண்ணைப் பார்த்தால் குறைவுதான், மலையில் அந்தக் குறை தெரியாது. மஹிந்திராவே எம்.எம்.540 ஜீப்பில் இதைப் போட்டதால் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடி), பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளட்ச் எல்லாம் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும். முடிந்தால் இன்ஜின், பெல் ஹவுசிங், கியர் பாக்ஸ் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வாங்கப் போகும்போது முதலில் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள்; ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடேறியதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

இறக்கிப் பார்ப்பது

சிறிய இடத்தில் இன்ஜின் கிரேனைவிட செயின் பிளாக் எனக்குப் பிடிக்கும். அங்குலம் அங்குலமாக இறக்கலாம். ஆனால் மேலே தொங்கவிடும் உத்தரம் உறுதியாக இருக்க வேண்டும்.

ஆயில் சம்புக்கும் முன் ஆக்சிலுக்கும் நடுவே இடம் போதுமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிஃப்ரன்ஷியல் மேல் ஒரு உருண்டை களிமண்ணை வைத்து, ஆக்சில் பம்ப் ரப்பரில் முட்டும் வரை ஜாக்கியால் ஏற்றி இறக்குங்கள். நசுங்கிய களிமண் எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். 20 மி.மீ.க்குக் குறைவாக நின்றால் மவுண்டை உயர்த்துங்கள். டீசல் இன்ஜினின் எடையில் முன்பக்கம் தாழும் என்பதால் முன் ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு இலை கூட்டுவதும் நல்லது.

இங்கேதான் நிதானம் வேண்டும்: நடுமையம்

எல்லாம் ஒரே வண்டிச் சாமானாக இருந்தாலும் இந்தப் படியை விடாதீர்கள். வேறு பெல் ஹவுசிங்கோ, லேத்தில் செய்த அடாப்டர் பிளேட்டோ (பொருந்தாத இரண்டுக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்டிருந்தால் கட்டாயம். கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் டாப் ஷாஃப்ட்டின் (கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு) மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடையும், பைலட் புஷ் (கிராங்கின் பின்முனையில் டாப் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் வளையம்) தேயும், ஓட்டும்போது கியர் நழுவும். கியர் பாக்ஸ்தான் பழுது என்று அதைப் பிரித்துச் செலவு செய்தவர்கள் நிறையப் பேர்.

கியர் பாக்ஸ் இல்லாமல் பெல் ஹவுசிங்கை மட்டும் இன்ஜினில் பூட்டுங்கள். டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை ஊசியால் அளக்கும் கருவி) காந்த அடியை ஃப்ளைவீலில் ஒட்டி, ஊசி ஹவுசிங்கின் நடுத் துளைச் சுவரில் படும்படி வையுங்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் எளிதாகச் சுற்றலாம். மேலே, வலது, கீழே, இடது என நான்கு இடத்தில் அளவைக் குறியுங்கள்.

மேலே 0, கீழே ஊசி 0.40 மி.மீ. உள்ளே அழுந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்ச்சுவர் கிராங்குக்கு நெருக்கமாக இருக்கிறது, அதாவது ஹவுசிங் மேலே ஏறியிருக்கிறது. எவ்வளவு? 0.40-இல் பாதி, 0.20. அவ்வளவு கீழே இறக்க வேண்டும். டோவல் பின்களை (ஹவுசிங்கை இடம் மாறாமல் நிறுத்தும் முளைகள்) எடுத்துவிட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டி மறுபடி அளவெடுங்கள். மொத்த வித்தியாசம் 0.25 மி.மீ.க்குள் வந்தால் போதும். சரியானதும் இறுக்கி, லேத் பட்டறையில் புதிய டோவல் துளை போட்டுக்கொள்ளுங்கள். போல்ட் மட்டும் தாங்கும் என்று விட்டால் நாளடைவில் நகர்ந்துவிடும்.

அடுத்து ஆழம். டாப் ஷாஃப்ட்டின் நுனி பைலட் புஷ்ஷுக்குள் நன்றாக இறங்க வேண்டும், ஆனால் அடியில் முட்டக் கூடாது. ஒரு 3 மி.மீ. இடைவெளி வையுங்கள். அடாப்டர் பிளேட் போட்டால் அதன் தடிமன் அளவுக்கு ஷாஃப்ட் எட்டாமல் போகும். நீளமான புஷ் கடைந்து போட வேண்டும். வெண்கல புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள், கிரீஸ் வேண்டாம். துளைகளை அது அடைத்துவிடும்.

கியர் பாக்ஸைக் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர்க்க வேண்டும். சேரவில்லை என்று போல்ட்டால் இழுத்து இறுக்கினால் ஏதோ ஒன்று உடையும்.

மவுண்ட்

முதலில் அங்கங்கே புள்ளியாகப் பிடிக்கும் டேக் வெல்டு மட்டும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25 மி.மீ., ஸ்டியரிங் ராடு, எக்ஸாஸ்ட் எல்லாம் பார்த்த பிறகு முழு வெல்டிங். அதற்கு முன் பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றுங்கள்.

டீசல் லைன்

பெட்ரோல் ஜீப்பில் டேங்கிலிருந்து ஒரே ஒரு குழாய் போதும். டீசலுக்கு, மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைன் வேண்டும். இதற்காகப் பழைய டேங்கில் வெல்டு வைக்கவே கூடாது. காலியான பெட்ரோல் டேங்கில் தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். இந்த ஜீப்பில் அது டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ரிட்டர்ன் உள்ள வேறு டேங்க் வாங்கிப் போடுங்கள்.

டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும் வரிசை: ஃபில்டர், பம்ப், கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகள். குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை ஒரு இடத்தை விட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். சாவியை அணைத்தால் டீசலை நிறுத்தும், பம்பின் ஸ்டாப் சோலனாய்டுக்குப் பழைய இக்னிஷன் காயில் ஒயரையே பயன்படுத்தலாம்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் இன்டேக்கை மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகை பக்கத்தில் இருக்கட்டும். கவர்னர் கோளாறால் இன்ஜின் தறிகெட்டுச் சுற்றினால் காற்றை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். கையால் அடைக்காதீர்கள்.

கேட்டவர்களுக்காகச் சேர்த்தது

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையாகிவிட்டது என்கிறார்கள். டீசலில் த்ராட்டில் இல்லாததால் மேனிஃபோல்டில் வேக்குவம் வராது. ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் உள்ளதாகப் போடுங்கள். அதற்கு ஆயில் போகும் குழாய் மெல்லியது, திரும்பும் குழாய் பெரியது. திரும்பும் குழாய் எங்கும் மடங்காமல் சரிவாக இறங்க வேண்டும். மடங்கினால் ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் நிறைந்துவிடும்.

வேகம் பற்றியும் கேட்டார்கள். பழைய ஆக்சிலில் பெரும்பாலும் 5.38 விகிதம், அதாவது 43-க்கு 8 பல். 6.00-16 டயரோடு டாப் கியரில் 60 கி.மீ. வேகத்தில் இன்ஜின் சுமார் 2,400 சுற்று, 80-இல் 3,200. பீஜோ இதைத் தாங்கும். மெதுவாகச் சுற்றும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் போட்டால் 80-இலேயே மூச்சு முட்டும். அப்போது ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியை 4.88-க்கு மாற்றலாம். மாற்றினால் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலைப் போட்டால், பிடிமானமுள்ள ரோட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்கள் போய்விடும்.