சின்ன வெங்காயம் பட்டறையில தண்ணியா அழுகுதா? கழுத்தை அமுக்கிப் பாருங்க

புரட்டாசி, ஐப்பசி மழையில மாட்டுற சின்ன வெங்காயத்தைப் பட்டறை (வெங்காயத்தைச் சேமிச்சு வைக்கிற அடுக்கு) போட்டா கொஞ்ச நாள்லயே நாத்தம் கிளம்பும், பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் வெங்காயம் போடுறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

முதல்ல என்ன அழுகல்னு பாத்துக்கோங்க. தோல்ல கருப்பா பொடி ஒட்டியிருந்தா பூஞ்சை, வேர்ப்பக்கம் வெள்ளையா பூத்திருந்தா அதுவும் பூஞ்சைதான். பாக்டீரியா அழுகல்ல வெளித்தோல் பளபளன்னு நல்லாத்தான் இருக்கும், கழுத்தை, அதாவது இலைத்தாளும் காயும் சேர்ற இடத்தை, ரெண்டு விரலால அமுக்கினா உள்ள கொழகொழன்னு நழுவும், கலங்கலா தண்ணி கசியும், நாத்தம் குடலைப் புரட்டும்.

இதைப் பண்றது பெக்டோபாக்டீரியம்ங்கிற கிருமி, பழைய பேரு எர்வினியா. செல்லையும் செல்லையும் ஒட்ட வச்சிருக்கிற பெக்டினைக் கரைச்சிடும், அதான் காய் கூழாகுது. ஆனா நல்ல தோலைத் துளைச்சு உள்ள போக இதால முடியாது, காயாத கழுத்து, களைக்கொத்து பட்ட வெட்டு, புழு கடிச்ச ஓட்டை, வெயில்ல வெந்த இடம்னு ஏதாவது ஒரு வழி வேணும். அந்த வழியை அடைக்கிறதுதான் நம்ம வேலை, ஏன்னா அழுக ஆரம்பிச்ச காயைத் திருப்புற மருந்தே கிடையாது, கார்பெண்டாசிம் பூஞ்சைக்குத்தான், இதுக்குக் கேக்காது, தயவுசெஞ்சு அதுல காசைக் கரைக்காதீங்க.

கடைசி நேரத்துல யூரியா போடாதீங்க, காய் பெருக்கும்னு போடுறாங்க, கழுத்துதான் தடிச்சுப் பச்சையாவே நிக்கும். புடுங்குறதுக்குப் பத்து நாள் முன்னாடி தண்ணியை நிறுத்திடுங்க, தாள் பாதிக்கு மேல சாயட்டும். விலை இருக்குன்னு பச்சையா புடுங்கினா அப்படியே வித்துடுங்க, பட்டறைக்குக் கொண்டு போகாதீங்க.

புடுங்கினதை ஒரு வரிசைத் தாள் அடுத்த வரிசைக் காயை மூடுற மாதிரி பரப்பி 3-5 நாள் காய விடுங்க, மழை வர்ற மாதிரி இருந்தா கொட்டகைக்குள்ள மெல்லிசா பரப்பி ஃபேன் போட்டாவது காய வைங்க. கழுத்து சுருங்கிச் சருகாகி, விரல்ல உருட்டினா உள்ள வழுக்காம இருக்கணும், அதுதான் கணக்கு, நாள் கணக்கு சும்மா ஒரு உத்தேசம்தான். தாளை அறுக்கிறதா இருந்தா 2 செ.மீ. விட்டு அறுங்க, ஒட்ட அறுத்தா புதுசா காயம் பண்ணின கணக்குதான்.

பட்டறை தரையில இருந்து ஓரடியாவது உசந்து இருக்கணும், அடியிலயும் பக்கவாட்டுலயும் காத்து போகணும், அகலம் குறைவா இருந்தா நல்லது. மழைக்குத் தார்ப்பாய் போட்டா ராத்திரி உள்ள வேர்த்துச் சொட்டும், அதனால மழை விட்ட உடனே ஓரத்தைத் தூக்கி விட்டுடுங்க. வாராவாரம் பக்கத்துல போய் மோந்து பாருங்க, நாத்தம் வந்தா அந்தப் பக்கத்தைப் பிரிச்சு, அழுகினதோட தண்ணி பட்ட காயையும் சேர்த்து எடுத்துடுங்க. எடுத்ததை வாய்க்கால்லயோ குப்பையிலயோ கொட்டாதீங்க, ஈ மொய்ச்சு நல்ல காய்க்குக் கொண்டு வந்துடும், ஆழமா குழி தோண்டிப் புதைங்க. அடுத்த போகத்துக்குச் சோளம், மக்காச்சோளம்னு மாத்துங்க, உருளை, கேரட், முட்டைக்கோஸ் வேண்டாம், அதையும் இதே கிருமி தின்னும்.

இதே அழுகல் கிழங்குலயும் வரும், அதனால விதை உருளையை வெட்டி நடுறவங்க, வீட்டுல லில்லி, கிளாடியோலஸ் கிழங்கைப் பிரிச்சு வைக்கிறவங்க எல்லாம் கத்தியை ஒவ்வொரு கிழங்குக்கும் ஸ்பிரிட்ல துடைச்சுட்டு வெட்டுங்க, வெட்டின பக்கம் காஞ்சு தோல் கட்டின பிறகு நடுங்க. தொட்டியில ஒரு கிழங்கு கூழாச்சுன்னா அந்த மண்ணை வேற தொட்டிக்கு மாத்தாதீங்க.