கிளிப்பிங்: கரகரப்பு எங்கே பிறக்கிறது?
ஒலி அளவு எல்லை மீறி, அலையின் முகடு வெட்டுப்பட்டுக் கரகரப்பதுதான் கிளிப்பிங். பதிவு மென்பொருளின் மீட்டரில் சிவப்பு எரிந்ததும் மாஸ்டர் ஃபேடரை (மொத்த ஒலி அளவை மாற்றும் நகர்த்தி) கீழே இழுக்காதீர்கள். முதலில் குரல் டிராக்கை மட்டும் சோலோ செய்து (மற்றவை ஒலிக்காமல் தனியே கேட்டு), அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். முகடுகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் கோளாறு பதிவிலேயே இருக்கிறது. ஃபேடரைக் குறைத்தால் சத்தம்தான் குறையும், கரகரப்பு போகாது. ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியின் பெருக்கத்தைக் குறைத்து, உச்சம் -10 டெசிபலைத் தாண்டாமல் மறுபடி பதியுங்கள். 24 பிட் தரத்தில் பதிந்தால், அளவு குறைவாக இருக்கிறதே என்று இரைச்சல் பயம் வேண்டாம்.

முகடுகள் உருண்டையாக இருந்தால் பிளக்இன்களை (டிராக்கில் சேர்த்த ஒலி மாற்றும் கருவிகள்) ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஈக்யூவில் (தாழ், உயர் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) ஏற்றிவிட்டு அவுட்புட்டை இறக்க மறந்திருப்போம்.

டிராக்குகள் தனித்தனியே சுத்தம், ஒன்றாக ஒலித்தால்தான் சிவப்பா? எல்லா டிராக் ஃபேடரையும் சேர்த்து 6 டெசிபல் இறக்குங்கள்.

சிவப்பே எரியாமல் விட்டுவிட்டு வெடித்தால் அது பெரும்பாலும் கிளிப்பிங் அல்ல. கணினி ஒலியைக் கையாள முன்கூட்டியே சேர்த்துவைக்கும் அளவான பஃபரை 128 சாம்பிளிலிருந்து 512 ஆக்குங்கள்.